மொட்டை மாடியில் ஒரு காலிப் பெட்டி

போன நவம்பர்ல எங்க வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு தேனீப் பெட்டி வந்தது. அம்மாவுக்குப் பயம், பக்கத்து வீட்டு மாமிக்கு அதைவிடப் பயம். அப்பாவும் நானும்தான் ஆர்வமா இருந்தோம். ஏப்ரல் மாசம் செமஸ்டர் லீவுக்குப் போய்த் திறந்து பார்த்தா, உள்ளே ஒரு தேனீகூட இல்லை. செத்தும் கிடக்கலை. மொத்தக் கூட்டமும் காலி பண்ணிட்டுப் போயிருந்தது. ஏன் போச்சுன்னு தேடினதுல கிடைச்சதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல பெட்டி. நம்ம ஊரில் இந்தியத் தேனீக்குப் பெரும்பாலும் வைப்பது நியூட்டன் பெட்டி. ஆப்பிள் நியூட்டன் இல்லை! 1910-களில் திருச்சிப் பக்கம் இருந்த பாதிரியார் நியூட்டன். மேல்நாட்டுத் தேனீயைவிட நம்ம தேனீ சின்னது, கூட்டமும் சின்னது. அதற்கேற்ற அளவில் அவர் வடிவமைத்த பெட்டி இது. கீழே முட்டையும் புழுவும் வளரும் அறை, மேலே தேன் அறை, இரண்டிலும் கழற்றி மாட்டக்கூடிய மரச் சட்டங்கள்.

மெக்கானிக்கல் மக்கள் கவனிக்க வேண்டியது அந்தச் சட்டங்களுக்கு இடையே விடும் சந்து. 1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்பவர் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார். சந்து ரொம்பக் குறுகலா இருந்தா தேனீ பிசின் வைத்து அடைத்துவிடும். அகலமா இருந்தா அதிலும் அடை கட்டிவிடும். சுமார் 3/8 அங்குலம் விட்டால் மட்டும் நடைபாதையாக விட்டுவைக்கும். இந்த ஒரு டாலரன்ஸ் பிடிபட்ட பிறகுதான் அடையைப் பிய்க்காமல் சட்டத்தை உருவி, தேனை எடுத்து, திரும்ப மாட்ட முடிந்தது. நம்ம தேனீக்கு அளவு இன்னும் கொஞ்சம் குறைவு, தத்துவம் அதேதான்.

பெட்டி இவ்வளவு கைக்கு அடக்கமா ஆனதால்தான் அது மாடிக்கும் ஏறியது. பாரிஸில் ஓபரா கார்னியே அரங்கத்தின் கூரையில் 1980-களிலேயே தேனீ வளர்த்தார்கள். நியூயார்க் நகரம் 2010-ல் தடையை நீக்கியது. லண்டனில் ஆபீஸ் கட்டடங்கள்கூட 'தேனீயைக் காப்பாற்றுகிறோம்' என்று கூரையில் பெட்டி வைத்தன.

இங்கேதான் சிக்கல். 2020-ல் லண்டனின் கியூ தாவரவியல் பூங்கா வெளியிட்ட அறிக்கை, நகரில் வளர்ப்புத் தேனீக்கள் பெருகியது காட்டுத் தேனீக்களுக்கே ஆபத்தாகிறது என்று எச்சரித்தது. உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. பெரும்பாலானவை தனியாக வாழ்பவை. மனிதன் எடுக்கிற மாதிரி தேன் சேர்ப்பதும் இல்லை. பெட்டித் தேனீ ஒரு வகையில் கோழி, ஆடு மாதிரி வளர்ப்புப் பிராணி. கோழி வளர்த்தால் காட்டுப் பறவைகளைக் காப்பாற்றியதாக ஆகுமா? பெட்டியின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, பூ அதே அளவில்தான் இருக்கிறது. அப்போ எல்லாருக்கும் பட்டினி.

மார்த்தாண்டத்தில் இந்தத் தொழில் நிலைத்ததற்கு முக்கியக் காரணம் ரப்பர் தோட்டங்கள். ரப்பரில் பூவைவிட இலைதான் விசேஷம். புது இலை துளிர்க்கும் பருவத்தில், இலைக்காம்பு முனையில் உள்ள சுரப்பிகளிலிருந்தே இனிப்புத் திரவம் வரும். ஏக்கர் கணக்கில் விருந்து.

எங்க தெருவில்? மூன்று வேப்பமரம், ரெண்டு புங்கமரம் இருந்தது. ரோடு அகலப்படுத்தினப்போ எல்லாம் போச்சு. இந்தியத் தேனீ பொதுவாக ஒன்று ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான் இரை தேடும். அந்த வட்டத்துக்குள் எங்களுக்கு இருப்பது பஸ் ஸ்டாண்டும் கல்யாண மண்டபங்களும்தான். போதாக்குறைக்குப் பெட்டியைக் கொதிக்கிற தளத்தில் நிழலே இல்லாமல் வைத்திருந்தோம். சூடு ஏறினால் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, சிறகால் விசிறிக் கூட்டைக் குளிர்விக்கும். அந்த வேலைக்கு ஆள் போகப் போக இரை தேட ஆள் குறையும். பஞ்ச காலத்தில் சர்க்கரைப் பாகு வைக்கச் சொல்லித்தான் கொடுத்தார்கள். எனக்கு இன்டர்னல்ஸ், அப்பாவுக்கு ஆடிட்டிங், யாரும் வைக்கலை. பசித்தால் கூட்டை விட்டுக் கிளம்புவது இந்தியத் தேனீயின் குணம்.

ஆசை இருக்கிறவங்க பெட்டிக்குக் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி, வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடந்து பாருங்க. எந்த மரம் எந்த மாசம் பூக்கிறதுன்னு ஒரு வருஷம் குறிச்சு வையுங்க. முருங்கை, புங்கம், வேம்பு, தென்னை இருந்தா நம்பிக்கை உண்டு. நிழலும் தண்ணீரும் வேணும். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியின் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வேணும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒரு நாள் பயிற்சி தருகிறார்கள், போய்ட்டு வாங்க.

எங்க பெட்டி இப்போ மாடிப்படிக்குக் கீழே இருக்கு. அப்பா அடுத்த கூட்டம் வாங்கலாம்னு கேட்டார். நான் வேண்டாம்னுட்டேன். தெரு முனையில் ரெண்டு புங்கங்கன்று வைத்திருக்கோம், ஒண்ணை ஆடு மேய்ஞ்சிருச்சு.