நெல்லை - சென்னை விமானம்: டிக்கெட்டில் இருக்கும் நேரம் யாருடைய கணக்கு?

நெல்லைக்காரர்களுக்கு விமானம் என்றால் வாகைகுளம்தான். அங்குள்ள தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் சுமார் 527 கி.மீ. நெல்லை - எழும்பூர் ரயில் பாதை ஏறத்தாழ 650 கி.மீ. பொங்கலுக்கான ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். ரயிலா, விமானமா என்பதை அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். வாசகர் கடிதங்களில் தெரியும் குழப்பம் ஒன்றுதான்: மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஏடிஆர் விமானத்துக்கு இந்த 527 கி.மீ. 63 நிமிடத் தூரம். டிக்கெட்டில் மட்டும் ஏன் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்?

டிக்கெட்டில் அச்சாவது பறக்கும் நேரமே அல்ல. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும்போது கணக்கு ஆரம்பமாகிறது. சென்னையில் நிறுத்துமிடத்தில் மீண்டும் கட்டை வைக்கும்போது முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, மீனம்பாக்கத்தில் இறங்க முறை வரும்வரை வானில் சுற்றுவது எல்லாம் இதில் அடக்கம். விமானம் நேர்கோட்டிலும் போவதில்லை. வகுத்த வழித்தடத்தில் போய், ஓடுபாதையின் திசைக்குத் திரும்பித்தான் இறங்கும்.

இவற்றுக்கு மேல், தாமதம் வந்தால் சமாளிக்க நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டியே அட்டவணை போடுகின்றன. அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் ‘சரியான நேரம்’ என்பது விமானத் துறையின் வழக்கமான அளவுகோல். அந்த அட்டவணையைத் தயாரிப்பது நிறுவனமேதான். 75 நிமிடப் பயணத்துக்கு 90 நிமிடம் என்று எழுதிவிட்டால், அரைமணி நேரம் பிந்தி வந்தாலும் கணக்கில் தாமதம் இல்லை. நெரிசலைக் கருதிக் கொஞ்சம் கூட்டுவது நியாயமே. எது நெரிசலுக்கு, எது நற்பெயருக்கு என்று பயணிக்குத் தெரிவிப்பதில்லை என்பதே குறை. ஆகவே, ‘நேரம் தவறாத சேவை’ என்ற விளம்பரத்தை வேகத்துக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது.

இனி சில சிறு கேள்விகள். விமானத்தில் போனால் வீட்டிலிருந்து வீடுவரை எவ்வளவு நேரம்? நெல்லையிலிருந்து வாகைகுளம் சுமார் 35 கி.மீ., பை கொடுக்கும் கவுன்ட்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது.

வழியில் எங்கே இழுக்கும்? வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலத்தில் பழுதுபார்ப்பு நடந்தால் கூடுதல் நேரம் தேவை.

நெல்லை - எழும்பூர் வந்தே பாரத் ரயிலில் எவ்வளவு நேரம்? 2023 செப்டம்பர் 24-ல் தொடங்கியபோது அறிவித்தது 7 மணி 50 நிமிடம்.

வாகைகுளத்தில் ஓடுபாதையை நீட்டியது பயன் தருமா? 1,350 மீட்டர் 3,115 மீட்டராகியிருக்கிறது, புதிய முனையமும் 2025 ஜூலை 26-ல் திறக்கப்பட்டது; பெரிய ஜெட் விமானம் இறங்கலாம், தரையில் போகும் நேரம் குறையாது.