குழந்தைகளின் உளக்கோளாறும் மரபும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே தாய்மார் காலையிற் குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுக் கொழுந்து கொய்யச் செல்வர். அக்குழந்தை மூன்றாண்டு நிரம்பியும் பேசாது, அழைப்பினும் திரும்பாது, தன் கைவிரல்களையே நோக்கியிருப்பின், பழி பெரும்பாலும் தாய்மீதே விழும். அருகிருந்து வளர்த்திலள் என்பர்; முன்வினை என்பாரும் உளர்.

இப்பழி லயங்களிலே பிறந்ததன்று. கற்றோரும் இதனையே வேறு சொற்களாற் கூறினர். 1943 இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 பிள்ளைகளை ஆராய்ந்து, ஓட்டிசம் என்னும் நிலையை விவரித்தார். பின்வந்தோர் பலர் பெற்றோரின் அன்பின்மையே அதற்குக் காரணம் என்றனர். புறூணோ பெற்றல்கைம் 1967 இல் இக்கொள்கையை விரித்து ஒரு நூலே எழுதினார். தக்க சான்றின்றி எழுந்த அந்நூல் எத்தனை தாய்மாரை வருத்திற்றோ!

விடை இரட்டையரிடமிருந்து கிடைத்தது. 1977 இல் சூசன் போல்ஸ்ரைன், மைக்கல் றட்டர் ஆகிய இருவரும் பிரித்தானியாவில் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தனர். ஒவ்வொரு சோடியிலும் ஒருவருக்கேனும் ஓட்டிசம் இருந்தது. ஒரே கருவிலிருந்து தோன்றிய 11 சோடிகளுள் நான்கில் இருவருக்கும் அந்நிலை காணப்பட்டது. இரு கருக்களிலிருந்து தோன்றிய 10 சோடிகளுள் ஒன்றிலேனும் அவ்வாறில்லை. இருவகையினரும் ஒரே தாயின் மடியில் உடன்வளர்ந்தோரே. வளர்ப்பே காரணமாயின் இவ்வேறுபாடு யாங்ஙனம் தோன்றும்? பின்வந்த ஆய்வுகள் மரபின் பங்கை மேலும் வலியுறுத்தின. மிகைத்துடிப்பும் அவதானக் குறைவும் உடைய பிள்ளைகளிடத்தும் அப்பங்கு பெரிதே. பெரும்பாலும் ஒரு பரம்பரையலகன்று, சிறுவலிமையுடைய பல அலகுகள் கூடியே இந்நிலைகளுக்கு ஏதுவாகின்றன.

ஆயினும் மரபே முழுக்காரணமன்று. மேற்குறித்த ஆய்வில் ஒருவருக்கு மட்டும் ஓட்டிசம் கண்ட சோடிகள் 17. அவற்றுள் 12 இல், மூளைக்கு ஊறு விளைக்கத்தக்க இடரொன்று அப்பிள்ளைக்கு நேர்ந்திருந்தது. கருவுற்ற தாயின் ஊணும், மகப்பேற்றின்போது கிடைக்கும் மருத்துவமும் இங்கே பொருளாகின்றன. எடைகுறைந்த குழந்தைகள் நகரையும் கிராமத்தையும்விடத் தோட்டங்களிலே மிகுதியாகப் பிறத்தல் கருதத்தக்கது.

மரபுவழி வந்தது மாற்றவொண்ணாதது என்பதும் பொருந்தாது. பீனைல்கீற்றோனூரியா என்னும் நோயை நோர்வே நாட்டு பேலிங் 1934 இற் கண்டறிந்தார். தாய் தந்தை இருவரிடத்தும் மறைந்துநிற்கும் ஓர் அலகு பிள்ளையிடத்துச் சேர்ந்தால் அந்நோய் விளையும். மூளை வளர்ச்சி குன்றும். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணக்கும் வழக்குள்ள குடும்பங்களில் இத்தகைய மறைந்த அலகுகள் ஒன்றுசேரும் வாய்ப்புக் கூடுதல். எனினும் பிறந்தவுடன் அறிந்து, பீனைல்அலனின் குறைந்த உணவையூட்டின் அப்பிள்ளை ஏனையோர்போல் வளரும். அலகு மாறவில்லை; உணவே மாறிற்று.

இலங்கையில் 1997 இல் அதுல சுமதிபால இரட்டையர் பதிவேடொன்றைத் தொடக்கினார். அதன்வழி எழுந்த பேராய்வு மனச்சோர்வு முதலியவற்றை வளர்ந்தோரிடத்து ஆராய்ந்தது. அது நிகழ்ந்தது கொழும்பு மாவட்டத்தில். அட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் இரட்டைப் பிள்ளைகள் அக்கணக்கில் இடம்பெற்றிலர்.