கருப்பை வாய்ப் புற்றுக்கு முன்னரே செய்யும் இரண சிகிச்சை

வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டிற்கு அடுத்த வீட்டில் என் பெரியம்மை வசிக்கின்றார்கள். சென்ற மாதம் வைத்தியசாலைக்குப் பரிசோதனைக்காகச் சென்று திரும்பியவர்கள் இரண்டு நாள் எவரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னை அழைத்து, "ஏட்டி, கர்ப்பப்பையையே எடுத்துப் போடுவார்களோ? நீ படிக்கிறவள்தானே, கேட்டுச் சொல்" என்றார்கள். தொல்காப்பியம் பயிலும் மாணவிக்கு வைத்திய நூலில் என்ன பழக்கம்? எனினும் கேட்டும் படித்தும் அறிந்து அவர்களுக்குச் சொன்னவற்றையே ஈண்டு எழுதத் துணிகின்றேன். இப்பேச்சு எழுந்தவுடன் நம் இல்லங்களில் குரல் தாழ்ந்துவிடுவதை யாவரும் அறிவர்.

பெரியம்மைக்கு வந்திருப்பது புற்றுநோயன்று. கருப்பை வாயின் மேற்றோலிலுள்ள உயிரணுக்கள் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே அது. பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்கிருமி நெடுநாள் நீங்காது தங்குவதால் இத்திரிபு உண்டாகின்றது. வலியில்லை, புறத்தே தெரியும் குறியுமில்லை. இலேசான திரிபுகளிற் பல தாமே மறைந்தொழியும். கடுந்திரிபை அவ்வாறு நம்பி விடலாகாது. நியூசிலாந்து தேசத்து ஆக்லாந்து நகரில் 1955 முதல் 1976 வரை கடுந்திரிபு காணப்பெற்ற மாதருள் சிலர் போதிய சிகிச்சையின்றி விடப்பட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 31 பேர் 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய்க்கு ஆளாயினர் என்றும், முறையான சிகிச்சை பெற்றாருள் அத்தொகை நூற்றுக்கு ஒன்றுகூட ஆகவில்லையென்றும் 2008-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது.

சிகிச்சையாவது, திரிந்த பகுதியை இருந்த இடத்திலேயே அழித்தல், அல்லது அரிந்தெடுத்தல். திரிபு முழுதும் கண்ணுக்குத் தெரிந்து, உட்குழலுட் புகாதிருப்பின் உறையவைத்தலே போதும். உலோக முனையொன்றைக் கருப்பை வாயிற் பொருத்தி, கரியமிலவாயுவினாலேனும் நைட்ரஸ் ஆக்ஸைடினாலேனும் மூன்று நிமிடம் உறையவைத்து, ஐந்து நிமிடம் இளகவிட்டு, மீண்டும் மூன்று நிமிடம் உறைவிப்பர். குளிருக்கு மாறாக, சுமார் 100 பாகை சூடேற்றிய முனையாற் சுடுவதும் இந்நாளில் உண்டு. திரிபு பெரிதாயினும் உட்சென்றிருப்பினும் மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அப்பகுதியைச் சீவி எடுப்பர். அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். பெரும்பாலார் அன்றே வீடு திரும்புவர். இதிலொரு தனி நன்மை உண்டு. எடுத்த சதையை நுண்ணோக்கியில் வைத்து, புற்று ஒளிந்திருக்கின்றதா, விளிம்புவரை திரிபு உளதா என்று ஆராயலாம். உறைவித்து அழித்ததில் ஆராய ஒன்றும் எஞ்சாது. இன்னும் ஆழமாயின் கத்தியாற் கூம்பு வடிவாக அறுத்தெடுப்பர். இவற்றுள் எதனாலும் கருப்பை போய்விடுவதில்லை. ஆழமாக எடுத்தாற் பின்னர்க் குறைமாதப் பிரசவம் நேரக்கூடுமாதலின், மகப்பேறு வேண்டும் இளம் பெண்களுக்கு அளவறிந்து எடுப்பர். பெரியம்மைக்கோ பேரப்பிள்ளைகள் இருவர், அக்கவலையில்லை.

இவையெல்லாம் பட்டணத்தார்க்கே உரியன என்று எண்ணற்க. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி, 114 தொகுதிகளில், 30 முதல் 59 வயதுள்ள மாதரிடையே ஓர் ஆய்வு நிகழ்ந்தது. பாதித் தொகுதிகளிற் பயிற்சி பெற்ற தாதியர் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி (காடியின் புளிப்பும் இதனாலாயதே) ஒரு நிமிடம் பொறுத்து நோக்கினர். திரிந்த இடம் வெண்மையாகத் தோன்றும். உறையவைக்கும் சிகிச்சையையும் தாதியரே அளித்தனர். அவ்வொரு முறைச் சோதனையினாலேயே, மற்றத் தொகுதிகளை நோக்க, நோய் நூற்றுக்கு 25 பங்கும் மரணம் 35 பங்கும் குறைந்தமை 2007-இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியாயிற்று. சோதனைக்கு உரியவர் 49,311 பேர். வந்தவர் 31,343 பேரே. வாராத ஏனையோரை நினைக்கும்போதெல்லாம், பெரியம்மை பேசாதிருந்த அவ்விரண்டு நாளும் என் நினைவிற்கு வருகின்றன.

அவர்களுக்குக் கம்பி வளைய முறையே ஏற்றதென்று மருத்துவர் சொல்லியிருக்கின்றார். சில நாள் சிறிது உதிரமும் நீரும் கசியலாம். ஏறக்குறைய நான்கு வாரம் பாரந் தூக்கலாகாது. ஓராண்டு கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். வருகின்ற செவ்வாய்க்கிழமை நாள் குறித்திருக்கின்றார்கள். நானும் உடன் செல்கின்றேன்.