தராசு சொல்லாத ரகசியம்

குழந்தைகளே, காஞ்சிபுரம் கடை ஒன்றில் இரண்டு பட்டுச் சேலைகளை எடை போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில், வெள்ளி இழையில் தங்க முலாம் பூசிய அசல் ஜரிகை. மற்றதில், செம்பு இழையில் செய்த போலி ஜரிகை. இரண்டும் ஒரே எடை! தராசு பொய் சொல்லவில்லை. ஆனால், முழு உண்மையையும் சொல்லவில்லை.

நம் உடம்பும் அப்படித்தான். உங்கள் எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைக்கும் எண்ணுக்கு 'பி.எம்.ஐ.' என்று பெயர். எடை கிலோவிலும், உயரம் மீட்டரிலும் இருக்க வேண்டும். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று டாக்டர்கள் இதை வைத்துப் பார்ப்பார்கள்.

புனே டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும், லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும், 2004ல் தங்கள் படத்தையே 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான். உடம்பில் உள்ள கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்! யுட்கின் மாரத்தான் ஓடுபவர். யாக்னிக் ஓடுவது, மூடப்போகும் லிப்டைப் பிடிக்கத்தான் என்று வேடிக்கையாக எழுதியிருந்தார்கள்.

ஒல்லியாகத் தெரியும் இந்தியர்கள் பலருக்கு உள்ளே கொழுப்பு அதிகம். அதனால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் அதிகம். எனவேதான் பல நாடுகளில் பெரியவர்களுக்கு 25 என்று உள்ள எல்லையை, இந்திய டாக்டர்கள் 23 ஆகக் குறைத்தார்கள். உங்கள் வயதினருக்கோ கணக்கே வேறு. வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, பள்ளியில் எடை பார்க்கும்போது யாரையும் 'குண்டு', 'ஒல்லி' என்று கேலி செய்யாதீர்கள். 'ஒல்லிதானே' என்று விளையாடாமலும் இருக்காதீர்கள். எந்த எண்ணைப் பார்த்தாலும், 'இது எதை அளக்கிறது? எதை அளக்கவில்லை?' என்று கேளுங்கள்!