பிரௌசரிலேயே கோடிங்: உங்கள் புரோகிராம் உண்மையில் எங்கே ஓடுகிறது?

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூரை, தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கும் ஊர் என்றுதான் பலருக்கும் தெரியும். இதுபோன்ற ஓர் ஊரிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்வரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவரிடம் என்ன இருக்கும்? அண்ணனோ அக்காவோ படிக்கும்போது வாங்கிய பழைய அரசு இலவச லேப்டாப், மொபைல் ஹாட்ஸ்பாட். அவ்வளவுதான். பெரிய சாஃப்ட்வேர் எதையாவது போட்டால் அந்த லேப்டாப்புக்கு மூச்சு வாங்கும். “எதுக்குடா இன்ஸ்டால் பண்ற, பிரௌசர்லயே அடிக்கலாமே?” என்பான் நண்பன்.

அவன் சொல்வது சரிதான். ஆனால், எந்தத் தளத்தில் அடிப்பது? கூகுள் கோலாப், ரெப்ளிட், கிட்ஹப் கோட்ஸ்பேசஸ், ஸ்டாக்பிளிட்ஸ், ஆன்லைன்ஜிடிபி என்று பெயர்கள் நிறைய. திரையில் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். வேறுபாடு திரைக்குப் பின்னால் இருக்கிறது. ரன் பட்டனை அழுத்தியதும் புரோகிராம் ஓடுவது யாருடைய கம்ப்யூட்டரில்?

கோலாப், கோட்ஸ்பேசஸ், ஆன்லைன்ஜிடிபி போன்றவற்றில் அது ஓடுவது நிறுவனத்தின் சர்வரில். உங்கள் லேப்டாப் வெறும் ஜன்னல் மாதிரி. அதனால் பழைய மெஷினும் தாங்கும். கோலாபில் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குத் தேவையான ஜிபியு-கூட வரம்புக்கு உட்பட்டு இலவசமாகக் கிடைக்கும். ஆனால் நெட் போனால் வேலையும் நின்றுவிடும்.

ஸ்டாக்பிளிட்ஸ் வேறு மாதிரி. 2021-ல் அது அறிமுகப்படுத்திய ‘வெப்கன்டெய்னர்’ தொழில்நுட்பம், நோட்.ஜேஎஸ்-ஐ உங்கள் பிரௌசருக்குள்ளேயே ஓட்டுகிறது. பைதானுக்கு இதே வேலையைச் செய்வது, மொசில்லாவில் பிறந்த ‘பையோடைட்’. ஜுபிட்டர்லைட் அதை வைத்துத்தான் இயங்குகிறது. முதல் முறை திறக்கும்போது சில எம்பி இறங்கும். அதன்பின் கணக்குப்போடுவது உங்கள் லேப்டாப்தான். சிக்னல் வந்து வந்து போகும் இடத்துக்கு இது தோது. ஆனால் ரேம் குறைவென்றால் திணறும். மைக்ரோசாஃப்ட்டின் விஎஸ்கோட்.டெவ் தளத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது அடிப்படையில் எடிட்டர் மட்டுமே. அதற்குப் பின்னால் புரோகிராமை ஓட்ட ஒரு சர்வர் கிடையாது.

முதலாமாண்டு சி புரோகிராமிங்குக்கு ஆன்லைன்ஜிடிபி போதும். ஒரு சின்னச் சிக்கல் வரலாம். சில கல்லூரி லேப்களில் டர்போ சி-யின் நீலத் திரைக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. அந்த ரெக்கார்டு நோட்டில் உள்ள ‘கோனியோ.ஹெச்’, ‘கிளியர்ஸ்கிரீன்’ வரிகளை அப்படியே அடித்தால், ஜிசிசி கம்பைலரில் எரர்தான் வரும். தப்பு மாணவருடையது அல்ல. அந்த வரிகளை எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஓடிவிடும்.

டேட்டா சயின்ஸ் என்றால் கோலாப். முழு புராஜெக்ட் என்றால் கோட்ஸ்பேசஸ். இதில் தனிநபர் இலவசக் கணக்குக்கு, இரண்டு கோர் மெஷினில் மாதம் 60 மணி நேரம் கிடைக்கும். மாணவர் என்று நிரூபித்து ‘ஸ்டூடன்ட் பேக்’ வாங்கினால் அது 90 மணி நேரமாகும்.

இலவசம் எவ்வளவு நாள்?

இங்கேதான் கவனம் தேவை. சென்னை ஐஐடி-யின் ஆன்லைன் பிஎஸ் படிப்பு 2021-ல் வகுப்புகளைத் தொடங்கியபோது, பைதான் பாட வீடியோக்கள் ரெப்ளிட்டைத் திறந்து காட்டித்தான் ஆரம்பித்தன. எதையும் இன்ஸ்டால் செய்யாமல் படிக்கலாம் என்பது ஆயிரக்கணக்கானோருக்குப் பெரிய உதவி. பிறகு ரெப்ளிட்டின் கவனம் ஏஐ பக்கம் திரும்பியது. இலவசக் கணக்கின் வரம்புகளும் இறுகின.

வேறு சில தளங்களின் கதை இன்னும் மோசம். 2016-ல் அமேசான் வாங்கிய கிளவுட்9, 2024 ஜூலையில் புதிய வாடிக்கையாளர்களுக்குக் கதவை மூடியது. மாணவர்கள் விரும்பிப் பயன்படுத்திய கிளிட்ச், 2025 ஜூலை 8-ம் தேதியோடு புராஜெக்ட்களை இயக்குவதை நிறுத்தியது. ரெஸ்யூமில் அந்த லிங்க்கைக் கொடுத்திருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஏடுகளைப் படியெடுத்துக் கொடுப்பதைச் சமண மரபு ‘சாத்திர தானம்’ என்று சொல்லும். ஒரு பிரதி செல்லரித்தால் இன்னொன்று இருக்கும். கோடுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கிட்ஹப்பில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி. ரெண்டு நிமிஷ வேலை.

எது தானாகச் சேமிக்கப்படும், எது ஆகாது என்பதிலும் குழப்பம் உண்டு. கோலாபில் நோட்புக் உங்கள் கூகுள் டிரைவில் பத்திரமாக இருக்கும். ஆனால் பக்கவாட்டில் அப்லோடு செய்த சிஎஸ்வி ஃபைல், அந்த ரன்டைம் நீக்கப்பட்டதும் போய்விடும். டிரைவை இணைத்து அங்கிருந்தே எடுப்பது நல்லது. கோட்ஸ்பேசஸ் 30 நிமிடம் சும்மா இருந்தால் நின்றுவிடும். அதில் பயமில்லை, மறுபடி திறக்கலாம். ஆனால் தொடர்ந்து 30 நாள் தொடாமல் விட்டால், வேறு அமைப்பு எதுவும் செய்யாத பட்சத்தில், அந்த மெஷினே அழிக்கப்படும். கிட்ஹப்புக்கு ‘புஷ்’ செய்யாத வரிகளும் அதோடு போய்விடும். செமஸ்டர் லீவு கிட்டத்தட்ட அவ்வளவு நாள்தான் வரும். ஊருக்கு பஸ் ஏறும் முன்பே அதைச் செய்துவிடலாம்.