ஓடும்போதெல்லாம் இடம் மாறும் நிரல்

2003 ஆகஸ்டில் உலகெங்கும் ஏராளமான விண்டோஸ் கணினிகளின் திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றியது. இன்னும் 60 விநாடிகளில் கணினி நின்றுவிடும் என்றது அது. காரணம், பிளாஸ்டர் என்ற கணினிப் புழு. இணையம் வழியே தாவிய அந்தப் புழுவுக்கு, எதிரில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பியா, விண்டோஸ் 2000-ஆ என்பது தெரியாது. ஐந்தில் நான்கு முறை எக்ஸ்பி என்றே வைத்துக்கொண்டு தாக்கியது. கணக்குச் சரியானால் கணினி அதன் கைக்குள் போனது. தப்பினால் உள்ளே ஒரு முக்கியச் சேவை விழுந்து, கணினி தன்னை நிறுத்திக்கொண்டது.

அந்தப் புழு கையில் வைத்திருந்தது இரண்டே இரண்டு நினைவக முகவரிகள். எக்ஸ்பிக்கு ஒன்று, 2000-க்கு ஒன்று. உலகத்தைச் சுற்றிவர அதுவே போதுமானதாக இருந்தது.

முகவரிக்கு ஏன் இத்தனை மதிப்பு? வெளியிலிருந்து வரும் தகவலுக்கென நிரல் நினைவகத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கும். வருவதை அளந்து பார்க்காமல் வாங்கினால், படி நிறைந்த பின்னும் கொட்டிய நெல்போல மிச்சம் பக்கத்தில் சிந்தும். இந்த வேலை முடிந்ததும் எந்த முகவரிக்குத் திரும்பவேண்டும் என்ற குறிப்பும் அருகிலேயே இருக்கும். சிந்திய தகவல் அந்தக் குறிப்பின்மேல் வேறொரு முகவரியை எழுதிவிட்டால், நிரல் தாக்குபவர் காட்டிய இடத்துக்குப் போகும். 1988-இல் மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இதுதான்: 512 பைட் கொள்ளும் இடத்தில் 536 பைட்டுகளைக் கொட்டியது.

எந்த முகவரியை எழுதுவது என்று தாக்குபவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். 2001-இல் பாக்ஸ் என்ற லினக்ஸ் பாதுகாப்புத் திட்டம் கைவைத்தது அங்கேதான். நிரல் ஓடத் தொடங்கும்போது அதன் கட்டளைகள், அது பயன்படுத்தும் பொது நூலகங்கள், தற்காலிகத் தகவல்கள் ஆகியவற்றைக் குலுக்கி, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் வைப்பது. ஏ.எஸ்.எல்.ஆர் என்று அவர்கள் இட்ட பெயரே நிலைத்தது. 2005-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலிலும், 2007-இல் விண்டோஸ் விஸ்டாவிலும், 2011-இல் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் இந்த முறை வந்தது.

நிரலில் உள்ள ஓட்டை இதனால் அடைபடுவதில்லை. தவறான முகவரிக்குப் பாய்ந்த நிரல் விழுந்துவிடும், அவ்வளவுதான். திருட்டுப்போக வேண்டியது விபத்தோடு போகிறது. உண்மையில் அது பெரிய லாபம்.

ஆனால் விழுந்த நிரல் தானாக எழுந்து நின்றால்? 2004-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 32 பிட் லினக்ஸில் ஓடிய அப்பாச்சி வலைச் சேவையகத்தைச் சோதித்தார்கள். குலுக்கலில் 65,536 இடங்களே இருந்தன. ஒவ்வொரு தவறான ஊகத்துக்கும் சேவையகத்தின் கிளை நிரல் ஒன்று விழ, அதே முகவரிகளோடு இன்னொன்று முளைத்தது. சராசரியாக 216 விநாடிகளில் கதவு திறந்தது. சேவை தடைபடக்கூடாது என்ற நல்ல எண்ணமே தாக்குபவருக்கு மறுவாய்ப்புகளை வாரி வழங்கியது. 64 பிட் கணினிகளில் நிலைமை மேல்: லினக்ஸ் பொது நூலகங்களை வைக்கக்கூடிய இடங்கள் வழக்கமாக 26 கோடிக்கும் அதிகம்.

அத்தனை கோடியும் ஒரே ஒரு கசிவில் வீணாகலாம். நூலகத்துக்குள் ஒரு முகவரி வெளியே தெரிந்தால், மற்றவற்றைக் கூட்டிக் கழித்தே கண்டுபிடித்துவிடலாம். குலுக்கும்போது நூலகம் மொத்தமாகத்தான் நகர்கிறது. அதனால் இன்றைய தாக்குதல்கள் பல, முதலில் ஒரு முகவரியைக் கசியவைக்கும் ஓட்டையைத் தேடுகின்றன.

செயலி எடுத்துக்கொள்ளும் நேரத்தை நுணுக்கமாக அளந்து கருநிரலின் முகவரியையும் ஊகிக்கலாம். அதைத் தடுக்க ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் கைசர் என்ற முறையை உருவாக்கினார்கள். சாதாரண நிரல் ஓடும் நேரத்தில் கருநிரலின் நினைவகத்தை ஏறக்குறைய முழுவதும் அதன் பார்வையிலிருந்து விலக்கி வைப்பது அது. 2018 ஜனவரியில் இன்டெல் செயலிகளை உலுக்கிய மெல்ட்டவுன் குறை வெளியானபோது, முகவரியை மறைக்கப் போட்ட அந்தத் திரையே அதற்கும் தடுப்பாக லினக்ஸில் இடம்பெற்றது.