ஆறடி நிலமும் அரசுச் சட்டமும்

பிழைக்க வந்த ஊரில் வீட்டுப் பெரியவர் ஒருவர் கண்ணை மூடினால், குடும்பத்தார் முன் எழும் முதற் கேள்வி, "ஊருக்குக் கொண்டு போவதா, இங்கேயே முடிப்பதா?" என்பதுதான். அழுகைக்கும் தொலைபேசி மணிக்கும் இடையே, சில மணி நேரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவில் உறவினருக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் பங்கு உண்டு. 'அமங்கலப் பேச்சு' என்று நாம் ஒதுக்கி வைக்கும் இந்தச் செய்திகளைத் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்கள் முன்னதாகவே அறிந்து வைத்திருப்பது நலம்.

இறந்தவரை எரிப்பதும் புதைப்பதும் தமிழரிடையே பண்டைக் காலந்தொட்டே இருந்து வருபவை. ஆதிச்சநல்லூர்த் தாழிகள் இதற்குச் சான்று. மணிமேகலையில் வரும் சக்கரவாளக் கோட்டத்திலும் எரிப்போர், புதைப்போர், தாழியில் கவிப்போர் எல்லோருக்கும் இடம் இருந்தது. கேரளத்திலோ வீட்டு வளாகத்தின் தென்புறத்திலேயே சிதை அடுக்குவதும், அதற்கு வீட்டு மாமரத்தையே வெட்டுவதும் நெடுநாளைய வழக்கம். சொந்த நிலம் உள்ளவர்க்கு அது சரி. சாலைப் பகுதியிலும் கரமனையிலும் வாடகை வீட்டில் வாழ்வோர் எங்கே போவது? நிலமற்ற ஏழைக் குடும்பங்கள் வேறு வழியின்றி வீட்டுத் தரையையே தோண்டிப் புதைத்த துயரமும் இந்த மாநிலத்தில் நடந்ததுதான்.

சாந்திகவாடம்

தலைநகரில் இந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்து வைப்பது தைக்காட்டில் மாநகராட்சி நடத்தும் சாந்திகவாடம். கவாடம் என்றால் கதவு. நமது கபாடபுரத்தை நினைவூட்டும் சொல். மின் தகனமும் எரிவாயுத் தகனமும் விறகுச் சிதையும் அங்கு உண்டு. 2021ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையின்போது, இடம் போதாமல் உடல்கள் காத்திருக்க நேர்ந்ததும் அங்கேதான். தகனத்துக்குப் பின் அஸ்தி கரைக்கவும் பலிதர்ப்பணம் செய்யவும் திருவல்லம் பரசுராமர் கோயிலும், வர்க்கலை பாபநாசமும், சங்குமுகம் கடற்கரையும் உள்ளன. நம் ஆடி அமாவாசைதான் இங்கே கர்க்கடக வாவு.

யாரிடம் அனுமதி?

தன் நிலம்தானே என்று ஒருவர் நினைத்தபடி பொது இடுகாடோ சுடுகாடோ ஏற்படுத்திவிட முடியாது. ஊராட்சிப் பகுதிகளுக்கு 1998ஆம் ஆண்டு கேரள பஞ்சாயத்து ராஜ் (இடுகாடு, சுடுகாடு) விதிகளும், நகரங்களுக்கு 1994ஆம் ஆண்டு கேரள நகராட்சிச் சட்டமும் உள்ளன. ஊராட்சிப் பகுதியில் புதிதாக ஒன்று அமைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. குடிதண்ணீர்க் கிணறு, குடியிருப்பு, பொதுச் சுகாதாரம் ஆகியவையே இந்தக் கட்டுப்பாட்டின் அடிப்படை.

சொந்த ஊருக்குக் கொண்டு சென்றாலும் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் 1999ஆம் ஆண்டின் ஊராட்சி விதிகள் இதே பணியைச் செய்கின்றன. 2024 ஜூலையில் கொலையுண்ட பகுஜன் சமாஜ் கட்சித் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கின் உடலைச் சென்னைப் பெரம்பூரில் கட்சி அலுவலகத்திலேயே அடக்கம் செய்ய அனுமதி கேட்டபோது, சென்னை உயர்நீதிமன்றம் இசையவில்லை. இறுதியில் திருவள்ளூர் மாவட்டம் பொத்தூரில்தான் அடக்கம் நடைபெற்றது.

சான்றிதழ் ஏன் முக்கியம்?

1969ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிய வேண்டும். திருவனந்தபுரத்தில் காலமானவரை நாகர்கோவிலில் எரித்தாலும் பதிவு திருவனந்தபுரத்தில்தான். மருத்துவமனையில் நேர்ந்தால் தகவல் தருவது மருத்துவமனையின் கடமை. வீட்டில் நேர்ந்தால் குடும்பத் தலைவரின் கடமை. கடைசி நோயில் பார்த்த மருத்துவர் இறப்பின் காரணம் குறித்த சான்றைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தகவல் தரும் கடமை சுடுகாட்டுப் பொறுப்பாளருக்கும் உண்டு.

21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. 30 நாள் வரை சிறு தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஓராண்டு வரை மேலதிகாரியின் எழுத்து அனுமதி. ஓராண்டு கடந்தால் நிர்வாக நடுவரின் உத்தரவு தேவை. கேரள நகரங்களில் 2024 ஜனவரி முதல் 'கே-ஸ்மார்ட்' வழியாக இணையத்திலேயே பதியலாம். பதியும்போது பெயரையும் தலைப்பெழுத்தையும் ஆதாரிலும் ஊர்ப் பத்திரங்களிலும் உள்ளபடியே கொடுங்கள். மலையாளத்தில் ஓர் எழுத்து மாறினாலும், பின்னால் ஊரில் பட்டா மாற்றப் போகும்போது அலைய வேண்டிவரும்.

இந்தச் சான்றிதழின் எடையை நாடே அறிந்தது 2025 ஜனவரியில், நம் மாவட்டத்து நெய்யாற்றின்கரையில். முதியவர் ஒருவர் சமாதி அடைந்ததாகக் கூறி, அவருடைய மக்கள் உடலை அமர்ந்த நிலையில் வைத்துக் கான்கிரீட்டால் மூடிவிட்டனர். அக்கம்பக்கத்தார் ஐயம் எழுப்ப, காவல்துறை வழக்குப் பதிந்தது. சமாதியைத் திறக்கும் உத்தரவை எதிர்த்துக் குடும்பத்தார் உயர்நீதிமன்றம் சென்றபோது, நீதிமன்றம் கேட்டது இறப்புச் சான்றிதழைத்தான். ஜனவரி 16ஆம் நாள் சமாதி திறக்கப்பட்டது. பிரேதப் பரிசோதனைக்குப் பின் மறுநாள் மீண்டும் அடக்கம் நடந்தது. நம்மவரிலும் வீரசைவர் போன்றோர்க்கு அமர்த்தி அடக்கம் செய்யும் வழக்கம் உண்டு. வழக்கத்தைச் சட்டம் குறை கூறவில்லை. மறைவாகச் செய்ததைத்தான் கேள்வி கேட்டது.

விபத்து, தற்கொலை, ஐயத்துக்கிடமான மரணம் என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194ஆம் பிரிவின்படி காவல்துறை விசாரணை முடியும் முன் உடலை எரிக்கவோ ஊருக்குக் கொண்டு போகவோ கூடாது. இயற்கை மரணமானாலும் களியக்காவிளை வழியாகவோ ஆரியங்காவு வழியாகவோ செல்லும்போது மருத்துவமனைக் கடிதத்தின் நகல்கள் இரண்டை வண்டியில் வைத்திருங்கள்.

கல்லறையும் கபர்ஸ்தானும்

கிறிஸ்தவ, முஸ்லிம் அன்பர்களுக்குச் சிக்கல் வேறு. தேவாலயக் கல்லறையிலும் பள்ளிவாசல் கபர்ஸ்தானிலும் இடம் பெறுவது பெரும்பாலும் உறுப்பினர் பதிவைப் பொறுத்தது. குமரி மாவட்டத்துச் சபையிலேயே பெயரை வைத்துக்கொண்டு இங்கே முப்பது ஆண்டு வாழ்பவர்கள், அவசர வேளையில் இரண்டு ஊருக்கும் அந்நியராக நிற்க நேரும். இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய சபைகளின் வழக்கால் உடல்கள் கல்லறை வாயிலில் காத்துக் கிடந்த கொடுமையைத் தீர்க்க, கேரள அரசு 2020இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

உடல் தானம் செய்ய விரும்புவோர் எழுதி வையுங்கள். அல்லது சாட்சிகள் முன் சொல்லுங்கள். மூத்த மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் மறைந்தபோது, அவருடைய மக்களுக்குள்ளேயே கருத்து வேறுபட்டு, உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதா என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை போயிற்று.

உயிர் போன பின்னும் மனிதனுக்கு மரியாதை உண்டு என்பது வெறும் பண்பாட்டுப் பேச்சு அன்று. வாழ்வுரிமை தரும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு இறந்தவரின் கண்ணியத்தையும் காக்கிறது என உச்சநீதிமன்றம் 1995இலேயே கூறியது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரைப் புதைக்கவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தபோது, சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து இதையே வலியுறுத்தியது. இறுதிச் சடங்கைத் தடுத்து இழிவுபடுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 301ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

சொந்த பந்தம் நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் நமக்கு, அந்த முதல் சில மணி நேரத்தில் உறவு என்று வந்து நிற்பவர் பக்கத்து வீட்டுத் தமிழரும் மலையாளியும்தான். துக்க வீட்டில் ஒருவர் அழுபவரைத் தேற்றட்டும். இன்னொருவர் மருத்துவச் சான்றை வாங்கி, சாந்திகவாடத்தில் நேரம் கேட்டு வரட்டும். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையை அலுவலகத்துக்கு அலைய விடாதிருப்பதே அந்த நேரத்தில் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.